ஐந்து டாலிவர்களும் ஒரு மூப்பர் பலகையும்

பெத்தேல் கிரீக், அலபாமா
செப்டம்பர் இறுதி ஞாயிறு

டொலீடோ மாநகரில் வாழும் என் அன்பு இளவல் கிளியோபஸ் டாலிவருக்கு, உன் அண்ணன் ஹோசியா கை தூக்கி வாழ்த்தி எழுதும் மடல். இங்கு நான் நலம், என் குரலும் நலம். ஒடெஸ்ஸா அத்தை தொண்ணூற்றொன்றிலும் நம் எல்லோரையும் அதட்டும் நலத்தோடு இருக்கிறார். உன் இல்லாள் லவீனியாவுக்கு என் வணக்கத்தை முதலில் சொல்லிவிட்டு, பிறகு இம்மடலை நாற்காலியில் சாய்ந்தபடி படி. சாயச் சொல்வதற்குக் காரணம் உண்டு.

சென்ற சூலை மாதத்தில் நம் குடும்பக் கூடலன்று நீ தொலைபேசியில் அழைத்து, "இந்த வருசம் வர முடியலண்ணே, முதுகு சரியில்ல" என்று சொன்னாய். கூடலுக்கென்றே தைத்த ஊதாச் சட்டை அணிந்த நூற்றுப்பதினான்கு டாலிவர்களுக்கு நடுவே நின்று அதை நான் உரக்க அறிவித்தேன். அந்த நொடியில், உருளைக்கிழங்குச் சாலட் பரிமாறிக்கொண்டிருந்த ஒடெஸ்ஸா அத்தையின் கரண்டி நடுவானில் நின்றது. அவர் நம் சின்னம்மாவைப் பார்த்தார், சின்னம்மா நம் தங்கையைப் பார்த்தார், தங்கை தரையைப் பார்த்தாள். ஆண்கள் நாங்கள் இறைச்சியைப் பார்த்துக்கொண்டிருந்தோம். முதுகு என்னும் எளிய சொல்லுக்கு ஏன் மூன்று பெண்கள் ஊமையாக வேண்டும்? அந்தக் கேள்வி என்னைப் பிடித்துக்கொண்டது, தம்பி. உண்ணவிடவில்லை, உரையாற்றவும் விடவில்லை.

குடும்ப வரலாற்று நூலை எழுதும் பொறுப்பு என்னிடம் இருப்பதை நீ அறிவாய். ஆகவே அத்தையின் தொப்பிப் பெட்டியில் அடுக்கியிருந்த, அடக்க ஆராதனைகளில் இறந்தவர் பற்றி அச்சிட்டுத் தரும் தாள்களை எல்லாம் வாங்கி வந்து ஆராய்ந்தேன். தாத்தா அப்சலோம், அப்பா லெமுவேல், பெரியப்பா, சித்தப்பா, அத்தை மகன் ஆகிய ஐவரும் "சிறிது காலம் நோயுற்று ஆண்டவரில் இளைப்பாறினார்" என்றே அச்சாகியிருந்தார்கள். என்ன நோய் என்று ஊரில் எந்த ஆணைக் கேட்டாலும் முதுகு என்றான். ஐந்து ஆண்கள், ஐந்து முதுகுகள். இந்த ஐவருக்கும் பொதுவானது எது என்று மூன்று வாரம் சிந்தித்தேன். விடை திருச்சபையிலேயே, என் கண்ணெதிரே கிடந்தது. ஐவரும் சபைமூப்பர்கள், ஐவரும் தாத்தா தம் கையால் செய்த அந்தக் கருவாலி மரச் சாய்பலகையில் ஞாயிறுதோறும் அமர்ந்தவர்கள். நான் அளவுநாடாவோடு போய் அளந்தேன். சாய்மானம் சுவர்போல் நிமிர்ந்து நிற்கிறது. கொலையாளி அகப்பட்டான் என்று துணிந்தேன்.

அடுத்த ஞாயிறு ஆராதனையின் நடுவே எழுந்து நாற்பது நிமிடம் முழங்கினேன். பரம்பரையின் பெயரால் எத்தனை முதுகெலும்புகளைப் பலியிடுவது, மரம் பெரிதா மாந்தர் பெரிதா என்று நான் கேட்டபோது ஆமென் ஒலி கூரையை அசைத்தது. நால்வர் பலகையைத் தூக்கிக் கொட்டகையில் போட, மூப்பர்களுக்கு மடக்கு நாற்காலிகள் வந்தன. மறு வாரம் மூப்பர் ஃபெனிமோர் நோயாளிகளுக்காக மன்றாடும்போது அவருடைய நாற்காலி அவரையும் சேர்த்து மடங்கிக்கொண்டது. மெச்சத்தக்க மனிதர், மன்றாட்டைத் தரையில் கிடந்தபடியே தொடர்ந்தார், பட்டியலின் இறுதியில் தம் பெயரையும் சேர்த்துக்கொண்டார். அப்போதுதான் சபையின் மூத்த பெண்கள் வெள்ளுடையில் அமரும் அன்னையர் வரிசையிலிருந்து ஒடெஸ்ஸா அத்தை கைத்தடியை ஊன்றி எழுந்தார்.

"ஹோசியா, அந்தப் பலகைய எடுத்த எடத்துல கொண்டு வை. புதன்கிழமை ஜெபத்துக்கு அறுபது வருசமா நாங்க பொம்பளைங்க அதுலதான ஒக்காருறோம். எங்கள்ல ஒருத்திக்காவது முதுகு வந்துச்சா?"

சட்டைப்பையில் இருந்த அளவுநாடாவை இன்னும் உள்ளே தள்ளினேன்.

"அப்ப என்னதான் அத்தே அது?" என்றேன்.

"உங்கப்பனுக்குப் புராஸ்டேட்ல புத்துநோய்டா. அங்கேர்ந்து எலும்புக்கு ஏறி முதுகுல வந்து ஒக்காந்துச்சு. உன் பெரியப்பன், சித்தப்பன், எம் மவன் எல்லாருக்கும் அதுதான். உங்க தாத்தன் டாக்டர் வாசலையே மிதிக்கல, அவருக்கு என்னன்னு ஆண்டவருக்குத்தான் தெரியும்."

"எங்ககிட்ட ஏன் சொல்லல?"

"சொல்லக்கூடாதுன்னு வேதப் புத்தகத்து மேல சத்தியம் வாங்கிட்டுல்ல போனான் ஒவ்வொருத்தனும். இடுப்புக்குக் கீழ எது வந்தாலும் உங்க ஆம்பளைங்களுக்கு அது முதுகு."

தம்பி, அன்னையர் வரிசை முழுவதும் தலையசைத்தது. பெண்கள் அனைவரும் அறிந்திருந்தார்கள், உயிரோடிருக்கும் ஆண்கள் ஒருவரும் அறியவில்லை. யாருடைய உடலைத் தேடி வருமோ அவர்களுக்கு மட்டும் அது மறைபொருள்.

ஆராதனை முடிந்ததும் திருச்சபைச் செவிலி சகோதரி வெர்லீனைத் தேடிப் போனேன். குருதிச் சோதனைக்குப் பெயர் தருமாறு அவர் சுவரில் ஒட்டிய தாள் நான்காண்டாக அங்கேயே இருக்கிறது. அதில் ஒரே ஒரு கையெழுத்து இருந்தது: "மீன் இரண்டு, சோளரொட்டி ஒன்று." மீன் விருந்துப் பட்டியல் என்று எவரோ எண்ணிவிட்டார். நான் கேள்விமேல் கேள்வி கேட்டேன். சிறுநீர்ப்பைக்குக் கீழே அக்ரூட் கொட்டை அளவே உள்ள சுரப்பியாம். நம் கறுப்பின ஆண்களை இந்நோய் மற்றவர்களைவிட மிகுதியாகவும் இளவயதிலும் தேடி வருகிறதாம், தந்தைக்கு இருந்தால் மகனை இன்னும் நெருங்குமாம். தொடக்கத்தில் வலிக்காது, வலித்துச் சொல்லும்போது காலம் கடந்திருக்கலாம் என்றார். ஃபெனிமோர் என் பின்னாலேயே வந்து நின்று, "பின்னால விரல விட்டுப் பாக்குற அந்தச் சமாச்சாரம் உண்டா, சிஸ்டர்?" என்று காதோடு கேட்டார்.

"மொதல்ல கையில ஊசி, கொஞ்சம் ரத்தம், அவ்வளவுதான் மூப்பரே. அந்தச் சுரப்பி விடுற புரதம் ரத்தத்துல கூடுனாலே புத்துநோய்னு ஆயிராது, மேற்கொண்டு என்னன்னு டாக்டர்கிட்ட பேசிக்கலாம். நீங்க நாற்காலில விழுந்தத விடவா இது பெரிசு?"

அத்தாளில் முதற்பெயராக என் பெயரை எழுதினேன், பெரிய எழுத்தில். நேற்றுக் குருதி எடுக்கும் ஊசி வண்டி திருச்சபை முன் வந்து நின்றது. அதன் வாயிலில் நின்று நான் முழங்கிய முழக்கத்தில் இருபத்துமூன்று ஆண்கள் சட்டைக்கையை மடித்தார்கள். பலகையும் பழைய இடத்துக்கு வந்துவிட்டது. குடும்ப நூலில் ஐந்து இடங்களில் இருந்த முதுகை அடித்துவிட்டு, நால்வருக்கு நோயின் உண்மைப் பெயரையும், தாத்தாவுக்குத் 'தெரியாது' என்பதையும் என் கையால் எழுதினேன். அந்தப் பொய்ச்சொல் டாலிவர் ஆண்களின் நாவில் இனி ஒலியாது என்று சூளுரைத்தேன்.

இப்போது உன்னிடம் வருகிறேன். உனக்கு அறுபத்தொன்று, உன் முதுகு சரியில்லை. எனக்கு இருக்கும் தம்பி நீ ஒருவனே. ஆறாவது தாளை அத்தையின் பெட்டியில் வைக்க என்னால் முடியாது. அஞ்சுவதில் இழிவில்லை, அஞ்சி ஒளிவதே இழிவு. நாளையே மருத்துவரிடம் போ. போய் வந்து முடிவை எனக்கு ஒளிக்காமல் எழுது.

உன் இல்லம் நலமும் நெடுவாழ்வும் பெறுக, நம் தந்தையர் காணாத முதுமையை நீ காண்க என்று வாழ்த்தி,

உன் அண்ணன்
ஹோசியா டாலிவர்

பின்குறிப்பு: உறை ஒட்டும் வேளையில் லவீனியா அழைத்தாள். நான்காண்டுக்கு முன்பே நீ குருதி கொடுத்து, நோய் தொடக்கத்திலேயே தெரிந்து, கதிர்ச் சிகிச்சை முடிந்து நலமாய் இருக்கிறாயாம். சூலையில் பிடித்தது மெய்யாகவே முதுகுதானாம், குளிர்ப்பெட்டியைத் தனியாகத் தூக்கினாயாம். ஏன் எனக்குச் சொல்லவில்லை என்றேன். "ஒங்ககிட்ட சொன்னா அத வச்சு ஒரு பிரசங்கம் பண்ணுவீங்கன்னு ஒங்க தம்பி பயந்தாரு, மாமா" என்றாள். நான் மறுக்கவில்லை. பிறகு அவள், "ஒங்க ரிசல்ட்டு எப்ப வருது?" என்று கேட்டாள். தம்பி, வாயிலில் முழங்கிக்கொண்டே நின்றதில் வண்டி என் குருதியை எடுக்காமலே புறப்பட்டுவிட்டது. முழக்கம் சற்று நீண்டது. வேண்டுமென்றே நீட்டினேனோ என்று என்னை நானே கேட்டுப் பார்க்கிறேன், விடை எனக்குப் பிடிக்கவில்லை. அடுத்த வார வியாழன் காலை பத்து மணிக்கு நகர மருத்துவமனையில் நேரம் வாங்கியிருக்கிறேன். நீ முன்பே போனவன், அந்த நேரத்தில் தொலைபேசியில் என்னோடு இரு. வேறு எவருக்கும் தெரிய வேண்டாம். யாரேனும் கேட்டால், அண்ணனுக்கு முதுகு சரியில்லை என்று சொல்.