மரந்தட்டியும் விக்டோரியா சோபாவும்

மரங்கொத்தியை நீங்கள் பார்த்திருப்பீர்கள். மரந்தட்டியைப் பார்த்திருக்கிறீர்களா? இது மனித இனம். அலகு கிடையாது, விரல் முட்டிதான். நாற்காலி, கதவு, கட்டில், கோயில் தேர் என்று எதைக் கண்டாலும் முட்டியால் மூன்று தட்டு தட்டி, தலையைச் சாய்த்துக் கேட்டு, கண்ணை மூடி, "பர்மா தேக்கு" என்று தீர்ப்புச் சொல்லும். மேல்முறையீடு இல்லை.

வடக்குப்பட்டு புருஷோத்தமன் இந்த இனத்தில் முற்றியவர். ஒரகடம் சாலையோரக் கடையில் 'விக்டோரியா மாடல்' சோபா ஒன்றைத் தட்டினார். கைப்பிடியில் சிங்கத் தலை, முதுகில் ரோஜாக்கொடி, காலில் உருண்டையைப் பற்றிய கழுகு நகம். செதுக்கியது தேர்ந்த கைதான். ஆனால் மரம் எதுவென்று அந்தச் செதுக்கல் சொல்லவில்லை. குனிந்து அடிப்பலகையைப் பார்த்தார். கறுப்பு மையில் ஒரு கோப்பை, ஒரு குடை, மேல்நோக்கி இரண்டு அம்புகள். ராணியின் முத்திரை! விருந்துக்குக் கோப்பை, ஆட்சிக்குக் குடை, படைக்கு அம்பு. வேறென்ன சான்று வேண்டும்? வாங்கி வந்து வீட்டுக் கூடத்தில் போட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மகள் ரஞ்சனியைப் பெண் பார்க்க வந்தார்கள். பையனின் போட்டோவைப் பார்த்ததுமே அவளுக்குப் பிடித்திருந்தது. போன சம்பந்தமோ, பிள்ளை வீட்டுக் கதவைத் தட்டி இவர் "வேப்பமரம்" என்று சொன்னதில் முறிந்தது.

"வெரல மடக்கிக்கினு சும்மா குந்துங்க," என்று மனைவி செங்கமலம் எச்சரித்திருந்தாள்.

விரல் மடங்கியது. வாய்?

"குனிஞ்சு பாருங்க சம்பந்தி! ராணி முத்திரை கீது!"

பையன் இளம்பரிதியும் குனிந்தான். வல்லம் வடகால் தொழிற்சாலை ஒன்றில் சரக்கு அனுப்பும் பிரிவில் வேலை. நிமிர்ந்தபோது, சிரிப்பை அடக்கி முகம் சிவந்திருந்தது.

"முத்திரை கரெக்டுதான் மாமா. எங்க பேக்கிங் பெட்டியில டெய்லி நான்தான் குத்துறேன். உடையற சாமான், நனையக் கூடாது, தலைகீழா வெக்காதேன்னு அர்த்தம்."

காப்பித் தட்டோடு வந்த ரஞ்சனி அப்பாவை முறைத்தாள். இந்த இடமும் போச்சா?

பையனின் அப்பா தசரதன் மெல்ல எழுந்தார். சிங்கத் தலையில் மூன்று தட்டு. தலையைச் சாய்த்தார். கண்ணை மூடினார்.

"பசங்களுக்கு இன்னா தெரியும் சம்பந்தி? பர்மா தேக்குதான். வெள்ளைக்காரன் பெட்டியையே தேக்குல செஞ்சிக்கிறான்!"

அன்றே தேதி குறித்துவிட்டார்கள்.

இரண்டு மரந்தட்டிகள் சம்பந்தியானதில் நமக்கென்ன என்று சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் உங்கள் கைக்குக் கீழே ஒரு மேசை இருக்கிறதே, அதைச் சற்றுமுன் தட்டிப் பார்த்தது யார்?