ஏழு பட்டன்களும் என் கையால்

அன்புள்ள மைத்துனருக்கு, அத்தான் எழுதிக்கொள்வது. இங்கு எல்லோரும் சௌக்கியம். அங்கும் அப்படியே இருக்க வேண்டும். இல்லையென்றால் தனியாக எழுதும். இந்தக் காகிதத்தில் நான் ஜெயித்த கதைக்கு மட்டுமே இடம்.

முப்பது வருடம் பஸ் ஓட்டியதில் என் கட்டைவிரல் மூட்டு தேய்ந்து, ஒரு மாதமாக உம் அக்காதான் எனக்குச் சட்டைப் பட்டன் போட்டுவிடுகிறாள் என்று தெரிந்ததும், "அத்தானுக்கு இனிமே பனியனே போதும்" என்று நாலு பேர் முன்னால் சொன்னீரே, அன்றே சபதம் எடுத்தேன். ஆஸ்பத்திரியில், அன்றாட வேலைக்குக் கையைப் பழக்கிவிடும் ஆக்குபேஷனல் தெரபி என்று ஒரு பிரிவு. அங்கே இருக்கும் பெண்ணுக்கு வயது என் மகளைவிடக் குறைவு, அதட்டல் என் பழைய டிப்போ மேனேஜரைவிட அதிகம். உருகிய மெழுகுத் தொட்டியில் கையை முக்கி முக்கி எடுக்கச் சொன்னாள். வெள்ளையாகப் படிந்தது, இதமாகச் சூடு இறங்கியது, வலி விட்டது. இவ்வளவு நல்ல மருந்தை அங்கேயே உரித்துப் போட்டுவிட்டு வருவானேன் என்று, அவள் அந்தப் பக்கம் திரும்பிய நேரம் பார்த்து மெழுகோடு பஸ் ஏறிவிட்டேன். மாவுக்கட்டு என்று நினைத்து ஒரு கர்ப்பிணி எழுந்து இடம் கொடுத்தாள். எனக்கு மானமே போயிற்று.

மறுநாள் அந்தத் தெரபிப் பெண் என்னைப் பிடித்துக்கொண்டாள். "மெழுகு வலியைக் கொஞ்ச நேரம் ஒதுக்கி வைக்கும் சார். அந்த நேரத்துல கை வேலை செய்யணும். நீங்க அதை பஸ்லயே கழிச்சிருக்கீங்க." அப்புறம் தோலில் ஒட்டி லேசாகக் கரண்ட் விடும் பெட்டி, கூட்டிக் குறைக்க அதில் ஒரு திருகு. பஸ்ஸே ஓட்டியவனுக்கு இந்தத் திருகு எம்மாத்திரம் என்று நானே கூட்டினேன். கட்டைவிரல் எனக்கு முன்னால் எழுந்து நின்றது. பெட்டியைப் பிடுங்கிக்கொண்டாள். அதன்பின் ஆறு வாரம் ஒழுங்காக மெழுகு, அந்தச் சூடு ஆறுமுன் துணியில் தைத்த பட்டன்களைப் போட்டுக் கழற்றும் வேலை.

இன்று காலை ஏழு பட்டனையும் நானே போட்டேன். ஒன்றுகூட ஓட்டை மாறவில்லை. ஞாயிற்றுக்கிழமை நேரில் வந்து பாரும். பனியனை நீரே போட்டுக்கொள்ளலாம்.

வலியில்லாத வலது கையால் பிள்ளைகளுக்கு ஆசிகள்.

உம் அத்தான்

பி.கு.: கடிதத்தை மடிக்கும்போது உம் அக்கா வழக்கம்போல் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு பட்டன் போட வந்தாள். "ஓ, போட்டாச்சா" என்று கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு திரும்பிவிட்டாள். கல்யாணமான நாளிலிருந்து நாங்கள் தினமும் ஐந்து நிமிடம் எதிரெதிரே நின்று பேசியது இந்த மூன்று மாதம்தான். எனக்கு என்னமோ போல் ஆகிவிட்டது. மேல் இரண்டு பட்டனைக் கழற்றிவிட்டு, "இது ரெண்டும் இன்னும் வலிக்குது, கொஞ்சம் வாயேன்" என்று கூப்பிட்டேன். ஆகவே கடிதத்தைக் கிழித்துவிடும். ஞாயிறன்று வந்து, அக்கா காதில் விழும்படி பனியன் என்றே கேலி செய்யும்.