கனடாப் பரீட்சைக்குப் போன அமெரிக்கா அண்ணை

அமெரிக்கா அண்ணையைப் போல அமெரிக்காவை நேசித்த ஒருவர் அமெரிக்காவிலேயே கிடையாது. அவர் அங்கே இருந்ததோ ஒரேயொரு குளிர்காலம். கனடாவுக்குள் வர அனுமதி கிடைக்கும்வரை எல்லையோரம் பஃபலோவில் ஓர் அகதி விடுதியில் காத்திருந்தார். வெளியே பனி, உள்ளே வாசிக்க அமெரிக்க வரலாற்றுப் புத்தகங்கள் மட்டும். அத்தனையையும் கரைத்துக் குடித்துவிட்டுத்தான் ஸ்காபரோவில் எங்கள் அப்பார்ட்மென்ட் மாடிக்குக் குடிவந்தார்.

அன்றிலிருந்து எங்களுக்கு விடிவில்லை. பால் முடிந்துவிட்டது என்று அம்மா வாய் திறந்தால் போதும்.

"உதுக்குத்தான் தங்கச்சி, ஒரு ஜனாதிபதி வெள்ளை மாளிகைப் புல்லிலை பசுமாடு மேயவிட்டவர்!"

பஸ் பிந்தினால் ஒட்டகம். "அமெரிக்கன் ஆமிப் பட்டாளம் ரெக்ஸஸ் மாநிலத்திலை ஒட்டகத்திலை சாமான் ஏத்தினது, தெரியுமோ?" பனியில் விறைத்து நிற்கும் சனம் முழுவதும் மற்றப் பக்கம் திரும்பிக்கொள்ளும்.

இந்த மனிதர்தான் ஒருநாள் முகம் கறுத்துப்போய் எங்கள் கதவைத் தட்டினார். சென்னையில் மகளுக்குக் கலியாணம் நிச்சயமாகியிருந்தது. கனடியன் பாஸ்போட் இல்லாமல் விமானம் ஏறினால் திரும்பி உள்ளே விடமாட்டார்களோ என்று அவருக்குப் பயம். பாஸ்போட்டுக்குக் குடியுரிமை வேண்டும். குடியுரிமைக்கு நீதிபதி முன்னால் கனடா வரலாறு சொல்ல வேண்டும்.

எங்கள் குடும்பத்தில் கனடாப் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அதிலும் கனடா வரலாற்றில் வகுப்பிலேயே முதலாவது. இதை யாரும் கேட்காமலே சொல்வேன். ஆகவே நானே ரீச்சரானேன்.

"கனடாவின்ரை முதல் பிரதமர் ஆர், அண்ணை?"

"அதை விடு பிள்ளை. ஒரு ஜனாதிபதிக்கு வண்டிச்சில்லு மாதிரிப் பெரிய சீஸ் ஒண்டு குடுத்தவை..."

"மகளின்ரை கலியாணம் பாக்க விருப்பமோ, சீஸ் பாக்க விருப்பமோ?"

அவர் குரல் சட்டென்று இறங்கியது. "முதல் பிரதமரைச் சொல்லித் தா, பிள்ளை."

நேர்முகத்துக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனார். நீதிபதி நரைத்த தலை அம்மையார். பிரதமர், மாகாணங்கள், கொடி எல்லாம் தண்ணீர்பட்ட பாடாகச் சொன்னார் அண்ணை. நான் பெருமையில் நிமிர்ந்து இருந்தேன். அப்போதுதான் அம்மையார் கேட்கக்கூடாத கேள்வியைக் கேட்டார்:

"கனடாவுக்குத் தெற்கே உள்ள நாடு எது?"

முடிந்தது. பசு வந்தது, ஒட்டகம் வந்தது, சீஸும் வந்தது. "அந்தச் சீஸை ஜனாதிபதி வெள்ளை மாளிகைக்குள்ளே ஒரு வருடத்துக்கு மேல் வைத்திருந்து, பிறகு சனத்தைக் கூப்பிட்டார், மேடம். சனம் ஒரே நாளில் தின்று தீர்த்தது. மணம்தான் போகவில்லை!" என்று தன் பஃபலோ ஆங்கிலத்தில் முழங்கினார்.

அம்மையார் பேனாவைக் கீழே வைத்தார். "இவ்வளவு பிடித்த நாட்டிலேயே நீங்கள் இருந்திருக்கலாமே?"

நான் கண்ணை மூடிக்கொண்டேன். கலியாணம் போச்சு.

அண்ணை மெதுவாகச் சொன்னார்: "அங்கே இருந்து கதை வாசித்தேன், மேடம். கதவைத் திறந்தது நீங்கள்தான்."

அம்மையார் பேனாவை எடுத்துக் கையெழுத்திட்டார்.

குடியுரிமைச் சத்தியப்பிரமாண நாளில், மண்டபம் நிறைந்த சனத்தில் அண்ணையின் குரல்தான் உரத்துக் கேட்டது. என் அப்பா சத்தியப்பிரமாணம் செய்த நாளில்கூட நான் அவ்வளவு நேரம் கைதட்டவில்லை.