நாலுக்கு மேல் கூடாது

பொறாமைப்படுவதிலும் ஒரு தராதரம் இருக்கிறது. என் நண்பர்கள் அடுத்தவனுடைய வீட்டைப் பார்த்தும், காரைப் பார்த்தும், டொக்டருக்குப் படிக்கும் மகனைப் பார்த்தும் பொறாமைப்பட்டார்கள். நான் பொறாமைப்பட்டது என் மனைவியைப் பார்த்து. அதுவும், மூக்கு ஒழுகும் இரண்டு வயதுக் குழந்தை ஒன்று என்னைத் தாண்டி ஓடிப்போய் அவள் காலைக் கட்டிக்கொண்டது என்பதற்காக. இந்த வயதில் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. நான் சொல்லாவிட்டால் பிள்ளைகள் சொல்லிவிடுவார்கள் (அவர்கள் சொன்னால் கூடவே இரண்டு பொய்யும் சேரும்).

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. யாழ்ப்பாணத்தில் கணித ஆசிரியராக இருந்த நான், ஓக்லாந்துக்கு வந்து மனுரேவாவில் ஒரு பண்டகசாலையில் பின்னேர வேலையாகப் பெட்டி ஒட்டிக்கொண்டிருந்தேன். என் பட்டத்தை இங்கே யாரும் கேட்கவில்லை. புஷ்பத்திடம் பட்டமே இல்லை. ஆனால் அவளை எல்லோரும் கேட்டார்கள். ஹில்ஸ்பரோவில் எங்கள் வாடகை வீட்டில் வைத்து, வேலைக்குப் போகும் தாய்மாரின் பிள்ளைகளைப் பார்க்கத் தொடங்கியிருந்தாள். தானே முதலாளி, தானே தொழிலாளி.

அதற்கு மேலே ஒரு முதலாளி இருந்தது: அரசாங்கம். வீட்டில் வைத்துப் பிள்ளை பார்ப்பவர்களுக்கென்று அப்போதுதான் புதிதாக விதிகள் போட்டிருந்தார்கள். ஒரே நேரத்தில் நாலு பிள்ளைகளுக்கு மேல் கூடாது. நச்சுப் பொருள்கள் எட்டாத இடத்தில் இருக்க வேண்டும். குழாயில் வரும் தண்ணீர் சுடக்கூடாது. இதையெல்லாம் மேற்பார்வை செய்ய ஜூடித் என்ற வெள்ளைக்காரப் பெண், சில நாட்களில் சொல்லியும் சில நாட்களில் சொல்லாமலும் வருவாள்.

அந்த விதிகள் புஷ்பத்தைப் பாதித்ததைவிட என்னைத்தான் பாதித்தன. என் சவர அலகு அலமாரியின் உச்சிக்குப் போனது. என் சிகரெட் வீட்டைவிட்டே போனது. குளியல் வெதுவெதுப்பானது. பிள்ளைகள் இருக்கும் இடத்தில் சூடான பானம் கூடாது என்பதால் என் தேத்தண்ணி ஆறிய பிறகே என்னிடம் வந்தது. போதாததற்கு, நச்சுப் பொருள்களை எல்லாம் ஒதுக்கி வைத்த உடுப்புத் தோய்க்கும் அறைக் கதவில், பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில், வெளிப்பக்கமாக ஒரு தாழ்ப்பாளை என்னைக் கொண்டே பொருத்துவித்தாள். கதவு சாத்தினால் தானாக விழும். நானே தெரிந்தெடுத்த உயர்ரகம்.

இதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். பொறுக்க முடியாமல் போனது மியாவைத்தான். அந்த மூக்கொழுகிதான் மியா. காலையில் அவளுக்குக் கதவைத் திறப்பது நான். குனிந்து கை நீட்டுவதும் நான். அவள் என்னை, யாரும் உட்காராத ஒரு கதிரையைப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டு, "புஷ்பா!" என்று கத்திக்கொண்டு உள்ளே ஓடுவாள். நாற்பது பொடியன்களை ஒரு பார்வையில் அடக்கியவனைக் கதிரை ஆக்கினாள். ஜூடித் வேறு, வரும்போதெல்லாம் "புஷ்பா ஒரு அபூர்வம்" என்பாள். என்னிடம் ஒரு நாள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "நீங்கள் சிகரெட்டை விட்டுவிட்டீர்கள்தானே?"

ஒரு செவ்வாய்க்கிழமை காலை வதனி வந்தாள். பக்கத்துத் தெருவில் இருந்த எங்கள் ஊர்ப் பிள்ளை. இரண்டு சின்னப் பொடியன்களையும் இழுத்துக்கொண்டு வந்தாள்.

"மாஸ்டர், எனக்கு இண்டைக்கு டிரைவிங் டெஸ்ட். இவர் வேலையிலை. ஒரு மணித்தியாலம் இதுகளை அக்காவோடை விடட்டே?"

நம்மவர் வீட்டில் பிள்ளையை விடுவதற்கு முன்கூட்டி அறிவிக்கும் வழக்கம் இல்லை; விட வந்தவரைத் திருப்பி அனுப்பும் வழக்கம் அதைவிட இல்லை. ஆனால் புஷ்பம் விதி வந்த நாளிலிருந்து எல்லோரிடமும் கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள்: நாலுக்கு மேல் முடியாது. அவளைக் கேட்டிருக்க வேண்டும். அவள் பின்வளவில் பிள்ளைகளோடு இருந்தாள். அங்கிருந்து மியாவின் சிரிப்புச் சத்தம் வந்தது. அது என் தலைக்குள் ஏறிவிட்டது.

"அக்கா எதுக்கு? நான் பாக்கிறன்."

"நீங்களோ?" என்றாள் வதனி. (அந்த 'ஓ'வை நான் இன்னும் மன்னிக்கவில்லை.)

முன்னறையில் இரண்டு பொடியன்களையும் இருத்தி வைத்தேன். புஷ்பத்துக்குப் போட்டியாக, அரசாங்க அனுமதியின்றி, என் கிளை நிறுவனம் தொடங்கியது. நல்லாகத்தான் போனது. சின்னவன் என் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினான். நான் அதைப் பாசம் என்று எடுத்துக்கொண்டேன்.

அப்போது வாசலில் ஜூடித்தின் கார் வந்து நின்றது.

உடனே கணக்குப் போட்டேன். பின்னால் நாலு, முன்னால் இரண்டு. ஆறு! புஷ்பத்தின் அனுமதி போச்சு. உண்மையைச் சொல்கிறேன், அந்தக் கணத்தில் எனக்குப் பொறாமை இல்லை, பயம்தான். சின்னவனைக் கக்கத்தில் இடுக்கி, பெரியவனைக் கையில் பிடித்து, வீட்டிலேயே பாதுகாப்பான அறைக்குள் புகுந்து கதவைச் சாத்தினேன்.

வெளியே 'டக்' என்றது தாழ்ப்பாள். உயர்ரகம் என்றேனே.

கூடத்தில் புஷ்பமும் ஜூடித்தும் கதைக்கும் சத்தம் கேட்டது. உள்ளே சின்னவன் சவர்க்காரத் தூள் பெட்டியை என் தலையில் கவிழ்த்தான். பெரியவன் அழுவதற்கு வாயைத் திறந்தான். பாட்டுப் பாடி ஆற்ற எனக்கு ஒரு பாட்டும் தெரியாது. தெரிந்ததை மெதுவாகச் சொன்னேன்.

"ஓரிரண்டு இரண்டு. ஈரிரண்டு நாலு. மூவிரண்டு ஆறு..."

பொடியனுக்கு அது பிடித்துப்போனது. "ஆறு!" என்று கூவினான்.

கூடத்தில் பேச்சு நின்றது. காலடிகள் நெருங்கின. தாழ்ப்பாள் தூக்கப்பட்டது. தோய்க்கும் தொட்டிக்குள் ஒருவன், என் மடியில் ஒருவன், நடுவில் தலை முதல் தாடிவரை வெள்ளையாக நான். எனக்குப் பின்னால் வெளிற்றும் திராவகப் போத்தல்கள் வரிசையாக.

"இவர் எவ்வளவு நேரமாக உள்ளே இருக்கிறார்?" என்று, தூளுக்குள் என்னை அடையாளம் காணாத ஜூடித் புஷ்பத்திடம் ஆங்கிலத்தில் கேட்டாள். என்னிடம் கேட்கவில்லை.

"இது என் கணவர்," என்றாள் புஷ்பம். அதைச் சொல்ல அவளுக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது. பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"என்னப்பா, உங்களுக்கு விசரே? இதுகளை ஏன் இதுக்குள்ளை கொண்டந்தனீங்கள்?"

"நாலுக்கு மேலை கூடாதெல்லே? ஆறு பேரப்பா!"

"எங்கை ஆறு? இண்டைக்கு என்னட்டை மியாவும் இன்னொண்டும்தான். மற்ற ரெண்டுக்கும் காய்ச்சல் எண்டு தேத்தண்ணி தரேக்கை சொன்னனான்!"

சொல்லியிருப்பாள். தேத்தண்ணி ஆறிப்போனதைப் பற்றி நான் முகத்தை நீட்டிக்கொண்டிருந்த நேரமாக இருக்கும்.

ஜூடித் மெதுவாக விளக்கினாள். அந்தப் பொடியன்கள் முன்னறையில் இருந்திருந்தால் நாலு பேர், எண்ணிக்கையில் பிழையில்லை. இனிமேல் முன்கூட்டியே அறிவிக்கும்படி மட்டும் சொல்லிவிட்டுப் போயிருப்பாள். ஆனால் நஞ்சு வைக்கும் அறைக்குள் பிள்ளைகளைப் பூட்டி வைத்த வீட்டை அவளால் பார்க்காததுபோல் விட முடியாது. மறுபரிசோதனை முடியும்வரை பிள்ளைகள் வரக்கூடாது.

வீடு அமைதியானது. தேத்தண்ணி சுடச்சுட வந்தது. குடிக்க முடியவில்லை. புஷ்பம் என்னை ஏசவில்லை. மறுநாள் காலையில் வழக்கமான நேரத்துக்கு எழுந்து, பிள்ளைகள் வரும் வாசல் கண்ணாடிக் கதவருகே போய் நின்றாள்.

நான் ஜூடித்திடம் போனேன். "பிழை முழுக்க என்னுடையது, நான் அவளில் பொறாமைப்பட்டேன்," என்று என் சுத்தமான ஆங்கிலத்தில் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. முதலுதவி வகுப்புக்கு என்னையும் போகச் சொன்னாள். போனேன். ரப்பர் பொம்மைக் குழந்தையின் வாயில் ஊதினேன். அதுவும் என்னைக் கதிரையைப் போலத்தான் பார்த்தது.

அனுமதி திரும்பி வந்தது. மற்றப் பிள்ளைகளும் வந்தார்கள். மியா வரவில்லை. அவள் தாயால் காத்திருக்க முடியவில்லை. தான் வேலை செய்யும் ஆல்பனியிலேயே இன்னொரு வீட்டில் விட்டுவிட்டாள்.

"அங்கை ஆரின்ரை காலைக் கட்டிப் பிடிக்கிறாளோ," என்றாள் புஷ்பம் ஒருநாள்.

அந்த முகம் தெரியாத பெண்ணின் மேல் எனக்கு வந்த பொறாமையைச் சொல்லி முடியாது. எங்கள் திருமண வாழ்வில் நாங்கள் இருவரும் சேர்ந்து பொறாமைப்பட்டது அந்த ஒருமுறைதான்.

இப்போது எங்கள் குடும்பம் பெரிது. எங்கே போனாலும், காரில் ஏறுமுன் மகன் கேட்பான்: "அப்பா, எல்லாரும் வந்திட்டினமோ? எண்ணுங்கோ."

"நாலு," என்பேன், எத்தனை பேர் நின்றாலும். பேரப்பிள்ளைகள் ஆங்கிலத்தில் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். சிரித்து முடிந்ததும் எல்லோரும் அடிபடுவது ஒன்றுக்குத்தான்: புஷ்பத்தின் பக்கத்தில் யார் இருப்பது என்று.

என் பக்கத்து இருக்கை எப்போதும் காலி.