கண்ணாயி எறிந்த பந்தும் குரங்குகளின் கொண்டாட்டமும்

மதிப்பிற்குரிய விளையாட்டுப் பக்கத்து ஆசிரியர் அவர்களுக்கு,

கொல்லிமலை திருப்புலி நாட்டில் மிளகும் கேழ்வரகும் போட்டுப் பிழைக்கும் அர்த்தனாரி கும்பிட்டு எழுதிக்கொள்வது. இங்கே நான் சுகம், என் சம்சாரம் கண்ணாயி சுகம், எங்கள் காட்டுக் குரங்குகள் எங்கள் இருவரையும்விடச் சுகம். அவை இவ்வளவு சுகமாக இருப்பதற்குத் தாங்கள்தான் காரணம் என்று தெரியப்படுத்தவே இந்தக் கடிதம்.

ஆடி மாதம் தங்கள் பத்திரிகையில் நூறு வருஷத்துக்கு முந்திய ஓர் அமெரிக்கப் பேஸ்பால்காரரைப் பற்றி எழுதியிருந்தீர்கள். பெயர் ஞாபகமில்லை, உங்கள் ஆள் என்றே சொல்கிறேன். உங்கள் ஆள் சோளக்காட்டில் காக்காய் விரட்டக் கல்லெறிந்தே கை பழகினாராம், ரயிலில் போன யாரோ அதைப் பார்த்துவிட்டுக் கூட்டிப்போய்ச் சம்பளத்துக்குப் பந்து எறிய விட்டார்களாம், பந்தில் எச்சில் தடவி எறிவாராம், அந்தக் காலத்தில் அதற்குத் தடை இல்லையாம். எழுதிவிட்டு நீங்கள் நிம்மதியாகச் சாப்பிடப் போயிருப்பீர்கள். இங்கே எங்கள் பள்ளிக்கூடத்து விளையாட்டு வாத்தியார் ஆரோக்கியராஜ், திருச்சிப் பக்கத்து மனிதர், ஊர்ப் பெண்கள் பேஸ்பால் டீமுக்கு ஆள் கிடைக்காமல் அலைந்துகொண்டிருந்தவர், அதைப் படித்துவிட்டு எங்கள் காட்டு வழியே வந்தார். அந்த நேரம் பார்த்துக் கண்ணாயி கொய்யா மரத்துக் குரங்கைக் கல்லால் விரட்டினாள். கல் போன போக்கைப் பார்த்த வாத்தியார், "ஏம்மா, பேஸ்பால் ஆட வர்றியா?" என்றார். "அங்க குரங்கு இருக்குதுங்களா?" என்று கேட்டாள். இல்லை என்றதும் சரி என்றுவிட்டாள்.

ஐயா, எங்கள் மலையில் காடு படிப்படியாக இருக்கும். மேல்காட்டில் நின்று எறிகிற கல் கீழ்க்காட்டில் களை எடுப்பவர் மண்டையில் விழலாம். அதனால் குரல் கொடுத்துவிட்டுத்தான் எறிய வேண்டும். அந்தப் பழக்கத்தில் கண்ணாயி, மலைக்குக் கீழே காளப்பநாயக்கன்பட்டியில் நடந்த முதல் மேட்சில் ஒவ்வொரு பந்துக்கும் முன்னால் "கல்லு வருதுங்க, ஒதுங்கிக்கங்க" என்று கத்தினாள். மட்டை பிடித்திருந்தவர்கள் அடிவாரத்துப் பெண்கள், மலைக்காட்டில் கூலிக்கு வந்து பழகியவர்கள். சொன்னதும் குனிந்துவிட்டார்கள். நேரே வருகிற பந்தை மூன்று தரம் அடிக்காமல் விட்டால் ஆள் அவுட். ஒருத்தி பின்னால் ஒருத்தியாக எல்லோரும் அவுட். எதிர் டீம் சண்டைக்கு வர, அம்பயர் விதிப் புத்தகத்தை முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்துவிட்டு, "மரியாதையாப் பேசக்கூடாதுன்னு எங்கயும் போடலீங்க" என்று சொல்லிவிட்டார்.

அத்தோடு நின்றதா? வாத்தியார் படித்துக்காட்டிய உங்கள் ஆளின் எச்சில் வித்தை அவளுக்கு நினைவு வந்தது. அவளோ எப்போதும் வெற்றிலை போடுகிறவள். பந்து செக்கச்செவேல்னு வந்ததும் மட்டைக்காரி ரத்தம்னு அலற, அவங்கம்மா மைதானத்துக்குள்ள ஓடிவர, அம்பயர் பந்தை வாங்கித் தன்னோட வெள்ளைப் பேண்ட்டிலேயே துடைக்க, அவர் கோலம் பார்க்கச் சகிக்கலைங்க. இந்தக் காலத்துல எச்சில் தடவக்கூடாதுன்னு கண்ணாயியைத் திட்டினாங்க. வெத்தலையைத் துப்பிட்டு வந்து வெறும் பந்திலேயே ஜெயிச்சா.

இப்போ மாநில டீமுக்குப் பயிற்சின்னு சென்னைக்கு ஒரு மாசம் கூப்பிட்டிருக்காங்க. இங்கே கேழ்வரகு கதிர் பிடிச்சு நிக்குது. நான் எறியற கல்லு என் கால்லயே விழும், குரங்குங்க உட்கார்ந்து வேடிக்கை பார்க்குதுங்க. "ஒரு மாசந்தானுங்க, சமாளிச்சுக்கங்க"ங்கறா. காட்டை விடுங்க, உள்ளதைச் சொல்றேன், அவ இல்லாத ஊட்டுல எனக்கு இருக்கத் தெரியாது. உங்க ஆள் ஊர் ஊரா ரயில்ல போனாரே, அத்தனை வருஷம் அவர் சோளக்காட்டை யாருங்க காத்தாங்க? கடைசியில கை விளங்காமப் போய் ஊருக்குத் திரும்பினார்னு ஒரே வரியில முடிச்சுட்டீங்க. அந்தக் கஷ்டத்தைப் பெரிய எழுத்துல விரிவாப் போடுங்க. அவ படிச்சா நின்னுடுவா.

அறப்பளீஸ்வரர் அருளால் தங்கள் வீட்டிலும் ஆபீசிலும் ஒரு குறையும் வராமல் இருக்கட்டும்.

இப்படிக்கு,
அர்த்தனாரி

பின்குறிப்பு: இதைத் தபாலில் போடுவதற்குள் என் முகத்தைப் பார்த்தே கண்ணாயி எல்லாவற்றையும் புரிந்துகொண்டாள். "நான் போகலீங்க" என்று பையைப் பரண்மேல் போட்டுவிட்டாள். அன்று சாயங்காலம் வரை எனக்குச் சந்தோஷந்தான். மறுநாள் குரங்குகள் கேழ்வரகில் இறங்கின. அவள் வாசலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தாள், ஒரு கல்லைக்கூடக் கையில் எடுக்கவில்லை. எனக்குப் பொறுக்கவில்லை ஐயா. நானே பையைக் கட்டி அவளை பஸ் ஏற்றினேன். காளப்பநாயக்கன்பட்டி வரைக்கும் துணைக்குப் போய்த் திரும்புவதாகத்தான் ஏற்பாடு. ஊர் வந்ததும் கண்டக்டர் கூப்பிட்டார், நான் இறங்கவில்லை. இதைச் சென்னையில் மைதானத்து ஓரத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். கேழ்வரகை இந்த வருஷம் குரங்குகளுக்கே விட்டாயிற்று. ஆகையால் மேலே நான் கேட்டபடி அந்தக் கஷ்டம் எதையும் போட வேண்டாம். இங்கே வருகிறவர்கள் எல்லாம் என்னைப் பார்த்து "நீங்க யாருங்க?" என்று கேட்கிறார்கள். கண்ணாயி வீட்டுக்காரர் என்று சொல்கிறேன். சொல்லச் சொல்ல நன்றாகத்தான் இருக்கிறது.