ஆறாம் நம்பரா, ஏழாம் நம்பரா?

"ஆறா, ஏழா? சீக்கிரம் சொல்லுங்க ராசா. உங்களுக்குப் பின்னாடி மூணு பேரு நிக்கிறாங்க," என்றாள் துப்பாக்கிக் கடை ஹெஸ்டர்.

மால்கம் தர்ட்டில் மேசைமேல் இருந்த இரண்டு தோட்டாப் பெட்டிகளையும் மாறி மாறிப் பார்த்தார். ஒரே உயரம், ஒரே கனம். ஒன்றில் ஆறு என்று அச்சடித்திருந்தது, மற்றதில் ஏழு.

"ஏழுதானே பெரிய குண்டு?"

பின்னால் நின்ற மூன்று பேரும் ஒரே நேரத்தில் இருமினார்கள்.

"நம்பர் ஏற ஏற உள்ள இருக்கிற ரவை சிறுசாகும்," என்றாள் ஹெஸ்டர், முகத்தில் சிரிப்பைக் காட்டாமல். "ஆறுன்னா ஒரு தோட்டாவுல எரநூத்தெழுவது ரவை. ஏழுன்னா முந்நூத்தி நாப்பது. சிறுசா நெறைய இருந்தா நல்லா விரிஞ்சு போகும், ஆனா தூரத்துப் புறாவுக்கு அடி வலுக்காது. பெருசா இருந்தா அடி பலமா விழும், ஆனா ரவைக்கும் ரவைக்கும் நடுவுல இடம் விழும். புறா அதுக்குள்ள பூந்து போயிடும்."

"இடமே விழாத நம்பர் எது?"

"அது பெட்டியில இல்ல ராசா, சுடுறவங்க கையில இருக்கு. எங்க சுடப் போறீங்க?"

"மிஸஸ் காட்ஸோட பட்டாணி வயல்ல."

"அப்போ ரவைக்குப் பின்னாடி நார் அடைப்பு வச்ச தோட்டாவா எடுத்துக்குங்க. சுட்டா அந்த அடைப்பும் தெறிச்சு விழும். பிளாஸ்டிக் அடைப்பு வயல்ல கெடந்துச்சுன்னா அந்தம்மா உங்களத் தோலுரிச்சிடுவாங்க."

மால்கம் ஆறாம் நம்பரில், நார் அடைப்பு வைத்ததில், இரண்டு பெட்டி எடுத்துக்கொண்டு வெளியே வந்தார். பள்ளிக்கூடப் பேருந்தை முப்பத்தோரு வருடம் ஓட்டி ஓய்வு பெற்றவர். அத்தனை வருடத்தில் ஒரு முயலைக்கூட அடித்ததில்லை என்பது அவருடைய பெருமை. மாமனார் விட்டுப்போன இரட்டைக் குழல் துப்பாக்கியை வருடாவருடம் எண்ணெய் போட்டுத் துடைப்பார், உரிமத்தைத் தவறாமல் புதுப்பிப்பார். சுட்டது மட்டும் இல்லை.

இப்போது சுட வேண்டியிருந்தது. காரணம் ஜனவரி மாதத்துப் பனி.

அன்றைக்கு அவருடைய மனைவி ஜில்லியன் குடல்வால் வெடித்துத் துடித்துக்கொண்டிருந்தாள். ஆம்புலன்ஸ் நான்கு மைல் தள்ளிப் பனியில் புதைந்து நின்றுவிட்டது. மால்கம் சாலைக்கு ஓடி, என்ன செய்வதென்று தெரியாமல் இரண்டு கையையும் ஆட்டிக்கொண்டு நின்றார். அந்த வழியாக ஆடுகளுக்கு வைக்கோல் கொண்டுபோன மிஸஸ் காட்ஸ், டிராக்டரை நிறுத்தினாள். வைக்கோலைச் சாலையோரம் தள்ளிவிட்டு, ஜில்லியனைப் போர்வையில் சுற்றித் தன் பக்கத்தில் உட்கார வைத்து, பதினாலு மைல் ஓட்டிக்கொண்டு போனாள். இன்னும் அரைமணி நேரம் போயிருந்தால் கஷ்டம் என்று மருத்துவர் சொன்னார்.

இதற்கு ஒரு மனிதன் எப்படி நன்றி சொல்வது? மால்கம் கேக் கொண்டுபோய்க் கொடுத்தார். "எனக்குச் சர்க்கரை ஆகாது," என்று திருப்பிக் கொடுத்தாள். பூங்கொத்து கொண்டுபோனார். அதை ஆடு தின்றது. நேராக நன்றி சொல்ல வாயைத் திறந்தால், "டிராக்டர் எப்படியும் அந்தப் பக்கம் போகவேண்டியதுதான்," என்று சொல்லிவிட்டு வானிலையைப் பற்றிப் பேசத் தொடங்கிவிடுவாள். அந்த நார்ஃபோக் பக்கத்து ஊர்களில் ஒருவர் வானிலைக்குப் போய்விட்டால் அதற்குமேல் அவரைப் பிடிக்க முடியாது.

ஏப்ரலில் ஒருநாள் தபால் நிலையத்தில், யாரிடமோ அவள் சொன்னது மால்கம் காதில் விழுந்தது. "முளைச்ச பட்டாணிய எல்லாம் காட்டுப்புறா தின்னுட்டுப் போகுது. விட்டா வயலே மிஞ்சாது."

மால்கம் நெஞ்சை நிமிர்த்தி முன்னால் வந்தார். "மிஸஸ் காட்ஸ், அந்தப் புறாக்கள நான் பாத்துக்கிறேன்."

அவள் அவரை மேலும் கீழும் பார்த்தாள். "நீங்களா? சுடுவீங்களா?"

"அதெல்லாம் சுடுவேன்."

"அப்போ நல்லதாப் போச்சு," என்றாள் மிஸஸ் காட்ஸ்.

முதல் நாள் மால்கம் வேலியோரம் வலை மறைப்புக் கட்டி, வயலில் பன்னிரண்டு பிளாஸ்டிக் பொம்மைப் புறாக்களைக் காற்றுக்கு முகம் காட்டி நிறுத்தினார். பொம்மைகளைப் பார்த்து, பந்தி நடக்கிறதென்று நம்பி நிஜப் புறாக்கள் இறங்கும் என்பது கணக்கு. இறங்கவும் செய்தன. மால்கம் எழுந்தார், சுட்டார். புறாக்கள் போய்விட்டன. மறுபடி வந்தன, மறுபடி சுட்டார். ஒரு பெட்டி தீரும்வரை இதுவே நடந்தது. ஒரு இறகுகூட உதிரவில்லை.

மாலையில் மிஸஸ் காட்ஸின் பழைய ஜீப் வேலி வாசலில் வந்து நின்றது. அவள் இறங்காமலே கண்ணைச் சுருக்கி வயலைப் பார்த்தாள்.

"அடேயப்பா! எத்தனை கெடக்குது! ஒன்னு, ரெண்டு, மூணு... பன்னெண்டா?"

மால்கம் திரும்பிப் பார்த்தார். வயலில் கிடந்தவை அவருடைய பொம்மைகள். மத்தியானக் காற்றில் எல்லாம் ஒருபக்கமாகச் சாய்ந்திருந்தன.

"இல்ல, அது வந்து..."

"மொத நாளே பன்னெண்டு! ரொம்ப நன்றிங்க மால்கம்!"

அந்த ஒரு வார்த்தையில் அவர் கட்டுண்டார். மூன்று மாதமாக அவர் சொல்ல முயன்ற வார்த்தையை அவள் அவருக்குச் சொல்லிவிட்டாள். இனி எப்படி வாயைத் திறப்பது?

"காத்து கொஞ்சம் சாதகமா இருந்துச்சு," என்றார்.

வீட்டில் ஜில்லியன் கேட்டாள். "எத்தனை?"

"பன்னெண்டு."

"எங்க?"

"வயல்லயே இருக்கு. நாளைக்கும் அங்கதான் இருக்கும்."

ஜில்லியனுக்கு நாற்பது வருடப் பழக்கம். ஒரே நொடியில் புரிந்துபோயிற்று. அவள் மேசைத்துணியை வாயில் வைத்துச் சிரித்தாள். தையல் போட்ட இடம் வலித்து, வலியோடு சிரித்தாள்.

மறுநாள் மால்கம் பக்கத்து வீட்டு ராட்னியிடம் யோசனை கேட்டார். புறாச் சுடுவதில் ராட்னி கெட்டிக்காரன் என்று ஊரில் பெயர்.

"ஆறாம் நம்பரா? அதான்யா கோளாறு," என்றான் ராட்னி. "இந்தா, என்னோட ஏழுல ரெண்டு பெட்டி எடுத்துக்க. நான் ஏழத் தவிர வேற தொடமாட்டேன். ரவை மழை மாதிரி கொட்டும். நீ தப்பாச் சுட்டாக்கூட ஏதாவது ஒன்னு படும்."

ராட்னி சொன்னது பொய்யில்லை, ஏதோ ஒன்று பட்டது. பொம்மைப் புறா ஒன்றின் தலை பறந்துபோய் ஓடையில் விழுந்தது. பதினொன்று ஆன பொம்மைகளோடு மால்கம் உட்கார்ந்திருந்தபோது ஜீப் வந்தது.

"இன்னிக்கும் பதினொன்னா! நேத்தவிட ஒன்னு கொறைச்சல், பரவாயில்ல," என்றாள் மிஸஸ் காட்ஸ்.

மூன்றாம் நாள் ஹெஸ்டரிடம் போய், இருப்பதிலேயே கனமான தோட்டாவைக் கேட்டார். "முப்பத்திரண்டு கிராம். பழக்கமில்லாட்டி தோள்ல ஒதைக்கும்," என்று அவள் எச்சரித்தாள். முதல் வேட்டே மால்கமை முக்காலியிலிருந்து பின்னால் தள்ளியது. விழும்போது வலையைப் பிடித்தார், வலை மொத்தமும் அவர் மேல் வந்து சுற்றிக்கொண்டது. கால்மணி நேரம் அவர் மீன் மாதிரி கிடந்தார். பக்கத்திலேயே இரண்டு நிஜப் புறாக்கள் இறங்கிப் பட்டாணி தின்றன. ஒன்று அவரை ஒருமுறை உற்றுப் பார்த்துவிட்டுத் தொடர்ந்து தின்றது.

அன்றிரவு ஜில்லியன் அவருடைய தோளுக்கு மருந்து தடவினாள். ஊதா நிறத்தில் வீங்கியிருந்தது.

"புறா எத உன்மேல எறிஞ்சுச்சு?"

"சிரிக்காத ஜில். நீ உயிரோட இருக்க. அதுக்கு அந்தம்மாவுக்கு நான் என்ன செஞ்சேன்? பத்து பொம்மைய வயல்ல நட்டு வச்சு ஏமாத்திக்கிட்டிருக்கேன்."

"நேத்து பதினொன்னுன்ன?"

"இன்னிக்கு விழும்போது ஒன்னு மேல உக்காந்துட்டேன்."

அவள் சிரிக்கவில்லை. தடவிய கையை அப்படியே அவர் தோளில் வைத்துக்கொண்டாள். "போய் உண்மையச் சொல்லிடு மால்கம். அவங்க அடிக்க மாட்டாங்க."

சொல்லிவிடுவது என்று முடிவு செய்துதான் ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்குப் போனார். வாசலில் மிஸஸ் காட்ஸ் போதகர் ஃபெலிசிட்டியோடு பேசிக்கொண்டிருந்தாள். வயலில் புறாத் தொல்லை பாதியாகக் குறைந்துவிட்டதாம். மால்கமுக்கே அது அதிசயமாக இருந்தது. வெடிச் சத்தத்துக்கே ஓடிப்போயிருக்கும் போல என்று நினைத்துக்கொண்டார்.

"மிஸஸ் காட்ஸ், ஒரு விஷயம் சொல்லணும்..."

"நல்ல நேரத்துல வந்தீங்க மால்கம்!" என்று போதகர் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். "எல்லாம் கேள்விப்பட்டேன். அடுத்த சனிக்கிழமை ஊர்க்கூடத்துல, தேவாலயக் கூரையப் பழுது பாக்க நிதி திரட்டுற விருந்து. புறா இறைச்சிய மாவுக்குள்ள வச்சு வேகவைக்கிற 'பை'தான் செய்யப்போறோம். ஒரு நாப்பது புறா கெடைக்குமா? உங்களுக்கு அது மூணு நாள் வேலைதானே?"

மால்கம் மிஸஸ் காட்ஸைப் பார்த்தார். அவள் மேகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "மழை வராதுன்னு நெனக்கிறேன்," என்றாள்.

"நாப்பது..." என்றார் மால்கம். அதைப் போதகர் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்.

திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாளும் விடிந்ததிலிருந்து சுட்டார். ஆறு, ஏழு, இரண்டும் கலந்து, இடது குழலில் ஆறு வலது குழலில் ஏழு, பிறகு அதை மாற்றி. வியாழக்கிழமை காலை கணக்குப் பார்த்தால் உயிர்ச்சேதம் நான்கு, அத்தனையும் பிளாஸ்டிக். அவர் ராட்னி வீட்டுக் கதவைத் தட்டி, எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னார்.

ராட்னி கண்ணில் நீர் வரச் சிரித்தான். "பொம்மைய எண்ணிச் சொன்னாங்களா? பன்னெண்டுன்னு?"

"சிரிச்சு முடிச்சிட்டு உதவி பண்ணுய்யா. உன்கிட்ட நாப்பது புறா இருக்குமா?"

ராட்னி சிரிப்பை நிறுத்தினான். தாடையைச் சொறிந்தான். "நாளைக்கு மத்தியானம் வா. பாக்கலாம்."

வெள்ளிக்கிழமை மத்தியானம் ராட்னி வீட்டுக் கொட்டகையில் ஒரு சாக்கு இருந்தது. எண்ணினார். நாற்பத்திரண்டு. "உனக்கு எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியல."

"அந்த நன்றி எனக்கு வேணாம்யா," என்றான் ராட்னி அவசரமாக. "தூக்கிக்கிட்டுப் போ மொதல்ல."

சனிக்கிழமை ஊர்க்கூடம் நிறைந்திருந்தது. அடுப்பிலிருந்து இறைச்சிப் பைகள் பொன்னிறத்தில் வந்தன. மேல்மாவை உடைத்தால் ஆவியோடு இறைச்சிக் குழம்பின் வாசனை எழுந்தது. மால்கம் ஒரு பக்கம் ஜில்லியனும் மறுபக்கம் ஹெஸ்டருமாக உட்கார்ந்தார். எதிர் மேசையில் மிஸஸ் காட்ஸ். எல்லோரும் அவரைப் பார்த்துத் தலையசைத்தார்கள். அவர் தட்டை மட்டும் பார்த்தார்.

இரண்டாவது கவளத்தில் பல்லில் 'கடக்' என்றது.

விரலால் எடுத்தார். சின்ன ஈயக் குண்டு.

"கொடுங்க பாப்போம்," என்று ஹெஸ்டர் அதை வாங்கி, உள்ளங்கையில் உருட்டிப் பார்த்தாள். புருவம் உயர்ந்தது. "இது நீங்க எங்கிட்ட வாங்கின ஆறு இல்லையே ராசா?"

மால்கம் சுற்றுமுற்றும் பார்த்தார். தாழ்ந்த குரலில் சொன்னார், "சத்தம் போடாதீங்க. எனக்கு ஒன்னுகூட விழல. எல்லாம் ராட்னி சுட்டது."

"ராட்னியா? அவன் ஏழத் தவிர வேற வாங்கினதே இல்ல. இது ஏழும் இல்ல." கண்ணாடியை மூக்கில் இறக்கிவிட்டு மறுபடி பார்த்தாள். "முப்பது வருசமா விக்கிறேன், எனக்குத் தெரியாதா? இது அஞ்சு."

அதற்குள் போதகர் கரண்டியால் கோப்பையைத் தட்டினார். "நண்பர்களே, கொஞ்சம் அமைதி! இன்னிக்கு இந்த விருந்துக்குக் காரணமான ஒருத்தர் இங்க இருக்கார். மிஸஸ் காட்ஸோட வயலையும் காப்பாத்தி, நம்ம வயித்தையும் நெறச்சவர். மால்கம், எழுந்திருங்க!"

கூடம் முழுக்கக் கைதட்டல். மால்கம் எழுந்து நின்றார். எல்லோருக்கும் முன்னால் உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று எதிர் மேசையைப் பார்த்தார். மிஸஸ் காட்ஸ் எழுந்து நின்று, முகமெல்லாம் சிரிப்பாக, எல்லோரையும்விட ஓங்கித் தட்டிக்கொண்டிருந்தாள். அந்த முகத்தைப் பார்த்ததும் தலையை மட்டும் குனிந்து வணங்கினார்.

மறுபடி உட்கார்ந்து, ஹெஸ்டர் பக்கம் குனிந்தார். "அஞ்சாம் நம்பர்னா... அப்போ இதையெல்லாம் சுட்டது யாரு?"

ஹெஸ்டர் ரவையை அவருடைய தட்டு ஓரத்தில் வைத்தாள்.

"புறாவுக்கு அஞ்சாம் நம்பர் வாங்குறது இந்தச் சுத்துவட்டாரத்துலயே ஒரே ஒரு ஆளுதான் ராசா. அதோ, உங்களுக்குக் கை வலிக்க வலிக்கத் தட்டிக்கிட்டு நிக்கிறாங்களே, அந்தம்மா!"