விதை வாங்கியவர் காலை அமர்வா, மாலை அமர்வா?

சட்டமன்றக் குழுக்களில் ஓர் இனம் உண்டு. குழுவுக்கு ஒருவர்தான் இருப்பார். இருவர் இருந்தால் கூட்டம் முடியவே முடியாது. எதையும் எதிர்க்க மாட்டார், யாரையும் கடிந்து பேச மாட்டார், முழங்கையை மேசைமேல் ஊன்றி ஒற்றை விரலை மட்டும் உயர்த்தி, "தலைவர் அவர்களே, ஒரு சின்ன விளக்கம்" என்பார். அவ்வளவுதான். அன்றைய வேலை போச்சு.

வேளாண்மை, நுகர்வோர் நலக் குழுவில் நான் குறிப்பெடுப்பவன். எங்கள் சின்ன விளக்கத்தார் தங்கமான மனிதர். கோப்பை ஒரு வரி விடாமல் படிப்பார். தேநீரோடு வரும் பிஸ்கட்டைக்கூட உறையைத் திருப்பித் தேதி பார்த்த பிறகே கடிப்பார்.

போன செவ்வாய்க்கிழமை ஒரு விவசாயப் பெண்மணி வந்தார். மூன்று ஏக்கரில் போட்ட மக்காச்சோளத்தில் ஒன்றுகூட முளைக்கவில்லை. அதே விதை இன்னும் கடையில் விற்கிறது. நிறுத்தச் சொல்லிக் குழு ஒரு வரி பரிந்துரைத்தால் போதும், அக்கம்பக்கத்தார் தப்புவார்கள். தலைவர் பேனாவைத் திறந்துவிட்டார். விரல் எழுந்தது.

"அம்மா, கடையில வாங்கினீங்க. அப்போ நீங்க நுகர்வோர்தானே?"

"ஆமாங்க ஐயா."

"நிலத்துல போட்டீங்க. அப்போ விவசாயி?"

"எதுவா வேணா வெச்சுக்குங்க ஐயா. மழை வந்துடுச்சு. ஊர்ல எல்லாரும் விதைக்கக் காத்துக்கிட்டு இருக்காங்க."

"விவசாயின்னா காலை அமர்வு, நுகர்வோர்னா மாலை அமர்வு. அதனாலதான் கேக்கறேன்."

"முளைக்கவே இல்லீங்களே!"

"அதுதாம்மா சிக்கலே. முளைக்காததை விதைச்சதா எடுத்துக்கலாமா?"

சிரிக்க யாருக்காவது துணிச்சல் வந்ததா? எல்லாரும் தலையாட்டினார்கள்; நானும் பயபக்தியோடு எழுதிக்கொண்டேன். காலையில் அவரை நுகர்வோர் என்று முடிவுசெய்து மாலையில் வரச் சொன்னோம். மாலையில் வந்தார், யோசித்துப் பார்த்தால் விவசாயியாகவும் தெரிந்தார்.

கடைசியில் அவர் பையிலிருந்து விதைப் பாக்கெட்டை எடுத்து மேசைமேல் வைத்தார். பழக்க தோஷம், விளக்கத்தார் திருப்பித் தேதி பார்த்தார். நகத்தால் சுரண்டினார். தேதி அச்சிட்ட ஒட்டுத்தாள் கையோடு வந்தது. அடியில் இன்னொரு தேதி, இரண்டு வருடம் பழையது. பெண்மணியின் முகம் மலர்ந்தது. தலைவர் மறுபடி பேனாவைத் திறந்தார்.

"ஒரு சின்ன விளக்கம். இதை ஒட்டினது கம்பெனியா, கடைக்காரரா?"

அதைக் கண்டறியத் துணைக்குழு போட்டாயிற்று. மூன்று மாதத்தில் அறிக்கை.

வாசகரே, நீங்கள் அப்படிப்பட்டவர் இல்லை, தெரியும். ஆனாலும் இவ்வளவு படித்த பிறகு, 'அது சரி, உண்மையில் அதை ஒட்டியது யார்?' என்று உள்ளே ஒரு விரல் எழுகிறது, இல்லையா? மடக்கிக்கொள்ளுங்கள். அந்த ஊரில் இந்நேரம் விதைத்து முடித்திருப்பார்கள்.